பங்காரப்பேட்டையில் முருகன் என்னை இறக்கிவிட்டான்

2024 நவம்பர் 4, திங்கட்கிழமை. காலை நாலரைக்கு எழுந்தேன். குளித்து, விளக்கேற்றி, ஒரு டம்ளர் பால் குடித்தேன். கந்த சஷ்டி விரதத்தின் மூன்றாம் நாள் அது. கணவருக்கும் மகளுக்கும் தக்காளி சாதம் செய்து மூடி வைத்தேன். தண்ணீர் வந்த இருபது நிமிடத்தில் எட்டுக் குடம் பிடித்தேன். மாரிகுப்பம் ஸ்டேஷன் வீட்டிலிருந்து ஏழு நிமிட நடை. பெண்கள் பெட்டியில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, வண்டி நகர்ந்ததும் டைரியை எடுத்துத் தேதி போட்டேன். அதன் கீழே எழுதினேன்: "முருகா, பவித்ராவின் மனம் மாற வேண்டும்."

அதே வரியை அன்றோடு முப்பத்தெட்டு நாட்களாக எழுதியிருந்தேன். எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

நம் ஆண்டர்சன்பேட்டை வழிபாட்டுக் குழுவில் பலருக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் கலாவதி. வயது நாற்பத்தொன்பது. பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் அளவு பார்க்கும் வேலை. சட்டையின் காலர், தோள், கை நீளம் எல்லாவற்றையும் டேப் வைத்துப் பார்த்து, கால் அங்குலம் பிசகினாலும் திருப்பி அனுப்புவேன். பதினான்கு வருடமாக இதுதான் வேலை. வீட்டுக்கு வந்தாலும் கை டேப்பைத் தேடும். கணவர் செல்வம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள் பவித்ரா. கேஜிஎஃபிலேயே பட்டப்படிப்பு முடித்தாள்.

அவள் படிக்கும்போதே ஒரு பழக்கம் வைத்திருந்தாள். எங்கள் சுரங்க லைன் வீடுகளில் யாருக்கு விதவைப் பென்ஷன் நின்றுபோனாலும், ஆதாரில் பெயர் தப்பாக இருந்தாலும், அவர்களோடு ஆபீசுக்குப் போய்விடுவாள். எதிர்வீட்டில் காது கேட்காத ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கு ஊனமுற்றோர் அட்டை வாங்க ஐந்து முறை அலைந்தாள். அட்டை வந்த அன்று அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்து, பவித்ராவின் தலையில் பூ வைத்துவிட்டுப் போனாள். அன்று மாலை பவித்ரா சொன்னாள்: "இந்த வேலைக்கே ஒரு படிப்பு இருக்குதும்மா. எம்எஸ்டபிள்யூ. ரெண்டு வருஷம். நான் அதத்தான் படிக்கப்போறேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. செப்டம்பர் 28ஆம் தேதி கடிதம் வரும்வரை இருந்தது.

கடிதம் பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து வந்தது. இடம் கிடைத்துவிட்டது. கட்டணம் வருடத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். இரண்டு வருடத்துக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம். வாரத்தில் இரண்டு நாள் களப்பணி உண்டு. அது எந்த நேரத்தில் முடியும் என்று சொல்ல முடியாது, ஊரிலிருந்து வந்துபோக முடியாது என்றார்கள். ஆக, அங்கேயே ஒரு பேயிங் கெஸ்ட் விடுதி. மாதம் எட்டாயிரத்து ஐநூறு. இருபத்திரண்டு மாதத்துக்கு ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரம். புத்தகம், போக்குவரத்து நாற்பதாயிரம். மொத்தம் ஐந்து லட்சத்து எண்பத்தேழாயிரம்.

பேங்கில் கல்விக் கடன் கேட்டோம். தருகிறோம் என்றார்கள். படிப்பு முடிந்தபின் மாதத் தவணை பத்தாயிரத்து நூறு ரூபாய் வரும் என்று அதிகாரி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஏழு வருடம் கட்ட வேண்டும்.

சரி, படித்துவிட்டு வேலைக்குப் போனால் என்ன சம்பளம்? இரண்டு இடத்தில் விசாரித்தேன். இரண்டு பேரும் ஆரம்பம் பதினெட்டாயிரம் என்றார்கள்.

பதினெட்டாயிரத்தில் தவணை பத்தாயிரத்து நூறு போனால் மீதி ஏழாயிரத்துத் தொள்ளாயிரம். பெங்களூரில் அவள் தங்க எட்டாயிரத்து ஐநூறு. என் மகள் வேலைக்குப் போய், பஸ் ஏறாமல், ஒரு டீ குடிக்காமல் இருந்தாலும் மாதம் அறுநூறு ரூபாய் குறையும். மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் அறுநூறுதான்.

அவளிடம் காட்டினேன். "கணக்கு கரெக்டுதாம்மா," என்றாள். "ஆனா எனக்கு வேற எதுவும் வராது." இவரிடம் காட்டினேன். "அறுநூறுதானே? நான் நாலு சவாரி கூட ஓட்டுறேன். இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிகினு இருக்கிற?" என்றார். அறுநூறு முதல் மாதத்துக்கு மட்டும்தான், சாப்பாடு அதில் சேரவில்லை, ஏழு வருடம் எண்பத்து நான்கு மாதம் என்று சொன்னேன். அவர் ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்துதான் டைரியில் அந்த வரி. ஆசிரியர் பயிற்சிக்குப் போகட்டும், பேங்க் பரீட்சை எழுதட்டும், எதுவானாலும் இந்தப் படிப்பிலிருந்து மட்டும் அவள் மனம் மாறட்டும். முருகனிடம் என் கோரிக்கை அவ்வளவுதான். நாள் போகப் போக வீட்டில் பேச்சு குறைந்தது. அக்டோபர் கடைசியில் ஒன்பது நாள் நானும் அவளும் பேசவேயில்லை. தீபாவளிக்குப் புதுத்துணியை அவள் கையில் கொடுக்காமல் கட்டில்மேல் வைத்தேன். அவளும் கட்டில்மேலிருந்துதான் எடுத்துக்கொண்டாள். கார்மெண்ட்ஸில் ஒரு நாள் சட்டையை அளந்துகொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன். டேப்பில் எண் தெரியவில்லை. இத்தனை நாளாகக் கேட்கிறேன், ஒரு பதிலும் இல்லையே, இவன் இருக்கிறானா என்றுகூட அன்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

நவம்பர் 4 மாலை வேலையிலிருந்து வந்து, நம் குழுவின் பாராயணத்துக்கு ஆண்டர்சன்பேட்டைக்கு வந்தேன். டைரியை வீட்டு மேஜைமேல் மறந்துவிட்டேன். நான் எதையும் மறக்கிறவள் இல்லை. திரும்பிப் போனபோது பவித்ராவின் கையில் டைரி விரிந்திருந்தது. இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது?" என்றாள். "முப்பத்தெட்டு நாளா நான் மாறணும்னு எழுதிகினு இருக்கிற?"

"அடுத்தவங்க டைரியப் படிக்கலாமாடி?"

"பால் கணக்கு பாக்கத்தான் எடுத்தேன். உள்ள பாத்தா நான் இருக்கேன்."

இவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "இன்னா மே, சாமிக்கே ஆர்டர் போட்டுகினு இருக்கியா? உங்க சூப்பர்வைசர் உனக்குப் போடுற மாதிரி?"

"நீங்க சாப்புடுங்க," என்றேன்.

பவித்ரா சிரிக்கவில்லை. டைரியை மூடி என் முன்னால் வைத்தாள். "பவித்ராவுக்கு எது நல்லதோ அத்தக் காட்டுன்னு கேட்டிருந்தா எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நீ பதிலையும் நீயே எழுதிட்ட. கையெழுத்து மட்டும் சாமியப் போடச் சொல்ற."

"நாளைக்குத்தானே காலேஜ்ல கடைசி நாளு? அட்வான்ஸ் கட்டிடறேன்," என்றேன். பாதி கோபம், பாதி வெட்கம். பீரோவிலிருந்து என் சேமிப்பு இருபத்தைந்தாயிரம் ரூபாயையும் அவளுடைய மூலச் சான்றிதழ்கள் எல்லாம் இருந்த பச்சை ஃபைலையும் எடுத்துப் பையில் வைத்தேன்.

நவம்பர் 5, செவ்வாய். வண்டியில் டைரியை எடுத்தேன். தேதி எழுதினேன். "முருகா" என்று எழுதினேன். அதற்குமேல் பேனா ஓடவில்லை. சாம்பியன் போனது, ஊர்காம் போனது, கோரமண்டல் போனது. பழைய வரியை எழுத மனம் வரவில்லை. புதிதாக என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. கடைசியில் எழுதியது இதுதான்: "எனக்குத் தெரியவில்லை. நீ பார்த்துச் செய்." என் டைரிகளில் "தெரியவில்லை" என்று நான் எழுதிய முதல் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆறு ஐம்பதுக்குப் பங்காரப்பேட்டை வந்தது. வழக்கமாக நிற்கும் நேரம் தாண்டியும் வண்டி கிளம்பவில்லை. முன்னால் சிக்னல் கோளாறு, எப்போது எடுப்பார்கள் என்று தெரியாது என்றார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. அரை நாள் லீவு சொல்லியிருந்தேன். இனி முழு நாள் சம்பளமும் போகும். "பார்த்துச் செய் என்றால் சிக்னலையா கெடுப்பாய்?" என்று மனதுக்குள் முருகனைக் கேட்டுவிட்டு, தண்ணீர் பிடிக்க இறங்கினேன்.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்களின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தங்கச் சுரங்கம் மூடிய நாளிலிருந்து நமக்குத் தெரிந்தது ஒரே திசைதான். படிப்பா, பெங்களூர். வேலையா, பெங்களூர். ஆஸ்பத்திரியா, கல்யாணப் புடவையா, எல்லாவற்றுக்கும் அதே வண்டி. பங்காரப்பேட்டை நமக்கு வண்டி நின்று போகும் இடம். கோலார் நம் மாவட்டத் தலைநகரம். பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஆனாலும் கோர்ட்டுக்கும் சர்டிபிகேட்டுக்கும் தவிர நம்மில் யார் போகிறோம்? பதினான்கு வருடத்தில் நான் பங்காரப்பேட்டையில் இறங்கியது ஆறு முறை. ஆறும் தண்ணீருக்காக.

குழாய்க்குப் பக்கத்து பெஞ்சில் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். மடியில் ஃபைல்கள், காலடியில் ஒரு பை. பையிலிருந்து துணிப் பொம்மையின் கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எங்கோ வெளியூரில் இருந்த ஒரு தாயிடம் தெலுங்கில், பிள்ளை நல்லபடியாக வீடு சேர்ந்துவிட்டான், அழாதே என்றாள். அடுத்த போனில் யாரோ அதிகாரியிடம் கன்னடத்தில் அதையே சொன்னாள். மூன்றாவது போனில், "சாப்ட்டேம்மா. சத்தியமா சாப்ட்டேன். வண்டி எறங்கிட்டேன், போன வெய்யி," என்றாள். அந்தத் தமிழைக் கேட்டதும் நம் ஊர்ப்பெண் என்று தெரிந்துவிட்டது.

"உனக்கு இன்னா வேலைம்மா?" என்று கேட்டேன். முன்பின் தெரியாதவர்களிடம் நான் பேசுவதே இல்லை. எப்படிக் கேட்டேன் என்று இன்னமும் தெரியவில்லை.

"சோஷியல் ஒர்க் அக்கா. வீட்ட விட்டு ஓடிப்போற பசங்கள கண்டுபுடிச்சு வீட்ல சேர்க்கறது. ஆம்பூர்ல ஒருத்தன விட்டுட்டு வர்றேன்."

பாட்டிலில் தண்ணீர் நிரம்பி வழிந்து என் செருப்பு நனைந்தது. நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவள் பெயர் சுமித்ரா. பிறந்தது ஊர்காமில். கோலாரில் ஒரு குழந்தைகள் காப்பு அமைப்பில் வேலை. நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "சம்பளம் எவ்ளோம்மா?"

அவள் சிரித்துவிட்டாள். "பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்ளோ நேரா கேக்க மாட்டாங்க அக்கா! சேரும்போது பதினாறு. எட்டு வருஷம் ஆச்சு, இப்போ முப்பத்திமூணு."

நான் டைரியை எடுத்தேன்.

"ஐயய்யோ, எழுதிக்கிறீங்களா?"

"எழுதலன்னா எனக்கு நிக்காதும்மா. கடன் எவ்ளோ இருக்குது உனக்கு?"

"கடனே இல்லக்கா. இருந்திருந்தா நான் இந்த வேலையில இருந்திருக்க மாட்டேன்." அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "எங்க ஆபீசுக்குப் பெங்களூர்ல படிச்சிட்டு ரெண்டு பொண்ணுங்க வந்தாங்க. தங்கமான பொண்ணுங்க. மாசம் பொறந்தா பேங்க்லருந்து போன். ஒரு வருஷம் தாங்கல. ஒருத்தி இப்போ லோன் விக்கிற கம்பெனியில இருக்கா. வேலை புடிக்காம போகலக்கா. தவணை கட்டத்தான் போனா."

நான் எழுதுவதை நிறுத்தினேன். முப்பத்தெட்டு நாளும் கடனைச் சம்பளத்தோடுதான் அளந்திருந்தேன். அந்தக் கடன் என் மகளை அவளுடைய வேலையைவிட்டே துரத்திவிடும் என்பதை நான் அளக்கவேயில்லை. கடன் வாங்கிப் படித்தால், எதற்காகப் படித்தாளோ அதைச் செய்ய முடியாமல் போகும். என் பயம் சரிதான். ஆனால் அவள் ஆசையும் சரிதான். இரண்டும் சரியாக இருக்கும்போது நான் ஒன்றை மட்டும் அழிக்கச் சொல்லி முருகனைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நீ எங்கம்மா படிச்ச?"

"கோலார்லதான். யூனிவர்சிட்டி பிஜி சென்டர். அங்க எம்எஸ்டபிள்யூ இருக்குதே, தெரியாதா?"

தெரியாது. பவித்ராவுக்கும் தெரியாது. அவளுடைய தோழிகள் எல்லாரும் பெங்களூருக்கு விண்ணப்பித்தார்கள், இவளும் விண்ணப்பித்தாள். பச்சை ஃபைலைத் திறந்து மதிப்பெண் பட்டியலைக் காட்டினேன். சுமித்ரா அதன் மேல் வரியில் விரலை வைத்தாள்.

"அக்கா, இது எங்க யூனிவர்சிட்டிதான். அட்ரஸ் பாருங்க. கோலார்னு போட்டிருக்குது."

அந்தத் தாளை நான் மூன்று முறை ஜெராக்ஸ் எடுத்திருந்தேன். மதிப்பெண்களை இரண்டு முறை கூட்டிச் சரிபார்த்திருந்தேன். கால் அங்குலம் பிசகினால் கண்டுபிடிக்கிற என் கண்ணுக்கு, தாளின் உச்சியில் கொட்டை எழுத்தில் இருந்த ஊர்ப்பெயர் தெரியவில்லை. பெங்களூர்ப் பக்கமே திரும்பி இருந்த கண்ணுக்கு எப்படித் தெரியும்?

சுமித்ரா தன் பழைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவைப் பார்த்தாள். நிரம்பாத இடங்களுக்கு அன்றும் மறுநாளும் நேரடிச் சேர்க்கை. மூலச் சான்றிதழோடு போக வேண்டும். எத்தனை இடம் என்று போடவில்லை.

பவித்ராவுக்குப் போன் போட்டேன். தூக்கக் குரலில் எடுத்தாள். "கோலாரா? அங்க யாரும்மா போய்ப் படிப்பாங்க? கேஸ்ட் சர்டிபிகேட் வாங்கத்தான் போவாங்க."

சுமித்ரா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். "பவித்ரா, உனக்குத் தெலுங்கு வருமா? கன்னடம்? எழுதவும் வருமா? நீ சுத்திகினு இருக்கிறியே பென்ஷன் ஆபீஸ், அதேதான் இங்க ஃபீல்டு ஒர்க். பெங்களூர் பசங்க இங்க வந்தா மொழி தெரியாம முழிக்கறாங்க. உனக்கு மூணும் இருக்குது. அப்புறம் இன்னா?" அதற்குமேல் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து பத்து நிமிடம் பேசினாள். போன் என் கைக்குத் திரும்பி வந்தபோது பவித்ராவின் தூக்கம் முழுவதும் போயிருந்தது. "ம்மா, சீட் கிடைக்குமாம்மா?" என்றாள்.

அந்த நேரத்தில் வண்டி ஊதியது.

ஏழு நாற்பத்திரண்டு. பெட்டி வாசலிலிருந்து எங்கள் பெண்கள் கத்தினார்கள்: "கலாக்கா, ஏறு! எடுத்துட்டான்!"

அந்த நிமிடத்தை நீங்கள் நினைத்துப் பாருங்கள். பெங்களூரில் இடம் நிச்சயம், ஆனால் இன்றோடு கடைசி. ஏறினால் ஐந்து லட்சத்து எண்பத்தேழாயிரம் கடன். ஏறாமல் கோலார் போய், அங்கே இடம் இல்லை என்றால் இரண்டும் போகும். மகளுக்கு ஒரு வருடம் போகும். என்மேல் அவளுக்கு இருக்கும் கொஞ்ச நம்பிக்கையும் போகும். சுமித்ராவைப் பார்த்தேன். "சீட் இருக்குதுன்னு நான் கேரண்டி தர முடியாதுக்கா," என்றாள். நேர்மையான பெண்.

போனில் பவித்ராவிடம் கேட்டேன். "நீ சொல்லுடி. ஏறட்டுமா, வேணாமா?" முப்பத்தெட்டு நாளில் அவள் முடிவை நான் கேட்டது அதுவே முதல் முறை.

அவள் ஒரு மூச்சு விட்டாள். "ஏறாத."

வண்டி என்னை விட்டுவிட்டுப் போனது. வாசலில் நின்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே போனார்கள். எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. தோளில் இருந்து ஒரு மூட்டையை யாரோ வாங்கிக்கொண்டது போல இருந்தது. அது முருகன்தான் என்று நான் அறிவேன். வேறு விளக்கம் இருந்தால் இருக்கட்டும்.

இவருக்குப் போன் செய்தேன். "பவித்ராவக் கூட்டிகினு கோலார் வாங்க."

"எதுல?"

"ஆட்டோவுலதான்."

"கோலாருக்கு ஆட்டோவா? சவாரிக்கு யாரு மே காசு குடுப்பா?"

"நான் குடுக்கறேன். பத்து மணிக்குள்ள வாங்க."

"பத்துக்கு முன்னாடி வந்தா டிப்ஸ் உண்டா?" என்று கேட்டார். ஒன்பது நாற்பதுக்கே வந்துவிட்டார்.

சுமித்ரா என்னோடு பஸ்ஸில் வந்து, எங்களை அலுவலகத்தில் விட்டு, எழுத்தரிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் தன் வேலைக்குப் போனாள். நாலு இடம் மீதி இருந்தது. காத்திருந்தவர்கள் பதினொரு பேர். மதிப்பெண்படி எடுப்பார்கள், மூன்றரைக்குப் பட்டியல் என்றார்கள்.

பத்திலிருந்து மூன்றரை வரை ஒரு புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். இவர் போய் இட்லி வாங்கி வந்து பவித்ராவுக்குக் கொடுத்தார். எனக்கு இரண்டு வாழைப்பழம். "உன் சாமி இன்னிக்கு உனக்கு லீவு குடுத்திருக்காரு, ஒரு இட்லி தின்னு," என்று சீண்டினார். தின்னவில்லை. பவித்ரா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மற்ற பத்துப் பேரின் மதிப்பெண்ணை விசாரித்து எழுதி, வரிசைப்படுத்தித் தரலாமா என்று கேட்டேன். "வேணாம்மா," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நேத்து நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்றாள். "நீ சரியாத்தான் பேசின," என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். விண்ணப்பம் போட்டு, கடிதம் வந்து, கடன் கேட்டு, சண்டை போட்டு நாங்கள் கழித்த நாட்களில் அவள் என்னைத் தொட்டது அன்றுதான்.

மூன்று முப்பத்தைந்துக்குப் பட்டியல் ஒட்டினார்கள். நாலு பெயர். மூன்றாவது பெயர் எம். எஸ். பவித்ரா.

அவள் கத்திய கத்தலில் மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. இவர் ஓடிப்போய் ஆட்டோ ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். காவலாளி வந்து விரட்டியும் நிறுத்தவில்லை. நான் அந்தத் தாளின்மேல் விரல் வைத்து, பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தேன். எழுத்துப் பிழை இல்லை. பிறகுதான் அழுதேன்.

முதல் வருடக் கட்டணம் எல்லாம் சேர்த்து இருபத்தோராயிரத்து நானூறு. பெங்களூரில் முன்பணமாகக் கட்ட எடுத்துப் போன இருபத்தைந்தாயிரத்திலேயே கட்டினேன். மூவாயிரத்து அறுநூறு மீதி வந்தது. விடுதி இல்லை. தினமும் வீட்டிலிருந்தே போய்வரலாம். நம் மாநிலத்தில் அரசு பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ரயிலிலேயே போய்வருகிற எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. எழுத்தர் சலானில் முத்திரை குத்திவிட்டு, "கிளாஸ் ஷுருவாகி எரடு வாரா ஆயித்தம்மா. நாளெயிந்தலே பர்பேகு," என்றார். வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் ஆகிவிட்டதாம், நாளையிலிருந்தே வர வேண்டுமாம். மகளுக்கு முந்திக்கொண்டு, "பர்தாளெ சார்!" என்றேன், வருவாள் என்று.

மூன்று பேரும் ஆட்டோவிலேயே ஊர் திரும்பினோம். இவர் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தார். குரல் நன்றாக இருக்காது. அன்று நன்றாக இருந்தது. அன்று மாலைப் பாராயணத்துக்கு நான் அரை மணி தாமதமாக வந்து, வாசலிலேயே விழுந்து கும்பிட்டதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். உடம்பு சரியில்லையா என்று கேட்டீர்கள். அன்று சொல்ல முடியாததைத்தான் இன்று சொல்கிறேன்.

ஏழாம் தேதி சூரசம்ஹாரத்தோடு விரதம் முடிந்தது. அடுத்த வாரம் பேங்குக்குப் போய்க் கடன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். "ஏம்மா, படிப்பை விட்டுட்டாங்களா?" என்று அதிகாரி வருத்தமாகக் கேட்டார். "இல்ல சார், படிக்கறதால" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உட்கார வைத்து விளக்கினேன்.

பவித்ரா இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறாள். களப்பணி பேத்தமங்களா பக்கத்துக் கிராமங்களில். ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் கன்னடம், ஏரிக்கரையில் தமிழ். மாலையில் தூசியோடும் பசியோடும் வருகிறாள், சிரித்துக்கொண்டே வருகிறாள். அவளுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. மறைக்க ஒன்றும் இல்லை. கிடைத்தாலும் ஆரம்பச் சம்பளம் பதினாறோ பதினெட்டோதான். முருகன் அந்தச் சம்பளத்தை உயர்த்தவில்லை. அந்தச் சம்பளத்தில் ஒருத்தி தலைநிமிர்ந்து வாழ முடிகிற மாதிரி வழியைத் திருப்பினான். எனக்கு அதுவே அற்புதம்.

நானும் மாறினேன். மகளின் மனம் மாறக் கேட்டேன், மாறியது என் மனம். இப்போது எதைக் கேட்டாலும் கேள்வியை மட்டும் எழுதுகிறேன். கீழே இரண்டு வரி இடம் விடுகிறேன். சில நாள் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. முன்பு போல அது என்னைப் பயமுறுத்துவதில்லை. உங்கள் வீட்டிலும் பிள்ளைகளின் படிப்புக்காக யாராவது தூங்காமல் இருக்கலாம். கணக்குப் போடுங்கள், போடாமல் இருக்காதீர்கள். நன்றாக விசாரியுங்கள், சம்பளத்தை வெட்கப்படாமல் கேளுங்கள். எல்லாம் செய்தபின் "எனக்குத் தெரியவில்லை" என்று அவனிடம் ஒரு முறை மனதார ஒப்புக்கொள்ளுங்கள். முடிவையும் நாமே எழுதிக் கொடுத்தால், அவன் நமக்கு எப்படி வழி காட்டுவான்? என்னைப் போன்ற கணக்குக்காரிக்கே காட்டினான். உங்களுக்குக் காட்டாமல் இருக்க மாட்டான்.

சொல்ல ஒன்று விட்டுப்போனது. இடம் கிடைத்த மறுநாள், நவம்பர் 6, புதன்கிழமை காலை. முதல் வேலையாக நானும் இவரும் பவித்ராவைக் கோலார் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனோம். என் இரண்டாம் நாள் சம்பளமும் போனது. போகட்டும் என்றிருந்தேன். பஸ்ஸில் கூட்டம் இல்லை. அவள் முன்பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்து கன்னடத்தில் எந்த ஊர் என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் வெளியே நின்றிருந்த நான் ஜன்னல் வழியாகச் சத்தமாகச் சொன்னேன்: "கோலார்! காலேஜுக்கு!"

"நீங்க வர்றீங்களாம்மா?" என்றார் அவர்.

"நான் இல்ல சார். என் பொண்ணு."

பஸ் கிளம்பியது.